அவள் நீட்டிய கட்டன்சாயா

முட்டத்தில் ஆய்வக வேலையில் இருந்தபோது, ஒரு பெண்ணுக்கு எச்.ஐ.வி. இருப்பதைத் தோழியிடம் சொல்லிவிட்டேன். ஒரே வாரத்தில், அவள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூட ஆளில்லாமல் போயிற்று.

அதே நோயுள்ளவர்கள் குழித்துறையில் நடத்தும் ஜெபக்கூட்டத்துக்கு அவள் போவதை அறிந்து, நானும் போனேன். ஜெபத்துக்கு முன் மன்னிப்புக் கேட்பது அங்கே வழக்கம். என் முறை வந்ததும், நான் செய்ததை எல்லார் முன்னும் சொல்லிவிட்டேன். துரத்துவார்கள் என்று வாசலைப் பார்த்தேன்.

தான் பாதி குடித்த, பாலில்லாத கட்டன்சாயாவை அவள் என்னிடம் நீட்டினாள்.

"குடிப்பியா, இல்ல பயமா?"

இரத்தம், ஊசி, உடலுறவு, தாய்ப்பால். நோய் பரவும் வழிகளின் பட்டியலில் டம்ளர் இல்லை. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத்தான் பயம். வாங்கிக் குடித்தேன்.

"ஏட்டி, தீத்துராத, எனக்கும் வேணும்" என்று சொல்லி, பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.