மூக்கம்மாவின் தனி அறை

சோப்புக் கம்பெனியில் எல்லோரும் அவளை மூக்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். சோப்புக் குழம்பு வெந்து இறங்கியதும் ஒரு கரண்டி அவளிடம் வரும். முகர்ந்து தலையாட்டினால்தான் அச்சில் ஊற்றுவார்கள். எண்ணெய்ச் சிக்கு வாடை என்று அவள் சொல்லிவிட்டால் அண்டாவோடு கொட்ட வேண்டியதுதான். கோபமும் அவளுக்கு மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். எதிர்த்துப் பேசி மூக்குடைபடாத ஆள் அங்கே கிடையாது.

போன மழையில் வந்த காய்ச்சல், போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்தபோது, படுக்கையில் கிடந்த புருஷன்தான் கத்தினான்.

"ஏண்டி, வீடே நாறுது, மரம் மாதிரி நிக்கிற?"

வெளியே சொன்னால் வேலை போகும். வேலை போனால் கம்பெனி கொடுத்த வீடு போகும். எழுந்து நடக்க முடியாத மனிதனை எந்தத் தெருவில் கொண்டுபோய்க் கிடத்துவது?

பக்கத்து மேசையில் சோப்புக்குக் காகிதம் சுற்றுகிறவள் ஒருத்தி இருந்தாள். வார்த்தைக்கு வார்த்தை அக்கா போடுவாள். மூக்கம்மா கரண்டியை அவள் பக்கமாகப் பிடித்து அவள் முகத்தைப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தால் கொட்டு, சுளிக்காவிட்டால் ஊற்று. எட்டு மாதம் ஒரு தப்பு வரவில்லை.

அதுவே வினையாகிவிட்டது.

"உங்க மூக்கு சொக்கத் தங்கம்!" என்றார் மேனேஜர். "இங்க ஆயிரத்தெட்டு வாடை. நாளையிலேருந்து உங்களுக்குத் தனி ரூம். கண்ணாடிக் கதவு, ஒரு ஈ நுழையாது."

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் அறைக்குள் கரண்டி வந்தது. முகர்ந்தாள். பச்சைத் தண்ணீரை முகர்ந்தது போல இருந்தது. நான்கு பக்கமும் வெள்ளைச் சுவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அச்சுக்காரர்கள் காத்து நின்றார்கள். கதவைத் திறந்து, "துணைக்கு அந்தக் காகிதம் சுத்துறவள அனுப்புங்க" என்றாள்.

அவள் வந்து கதவைச் சாத்தினாள்.

"என்னக்கா, சுவரு மூக்கைச் சுளிக்க மாட்டேங்குதா?"

மூக்கம்மா கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "உனக்கு... எப்படிடி தெரியும்?"

"எட்டு மாசமா என் மூஞ்சியையே பாக்குறீங்க. நான் என்ன அவ்வளவு அழகா?"

"யார்கிட்டயும் சொல்லிடாதடி."

"நான் ஏன் சொல்றேன்? நின்னு நின்னு கால் வீங்குது, அந்த நாற்காலிய இப்படித் தள்ளுங்க."

இருந்த ஒரே நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். மூக்கம்மா பழையபடி கரண்டியை அவள் பக்கமாகப் பிடித்தாள். அவள் வேண்டுமென்றே முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டாள். குழம்பு ஆடை கட்டத் தொடங்கியது. வெளியே அச்சுக்காரன் கண்ணாடியைத் தட்டினான்.

"சீக்கிரம் சொல்லுடி, ஊத்தலாமா, வேணாமா?"

"என்ன அவசரம்? முதல்ல ஒரு டீ கொண்டு வா."

மாட்டுக்குப் போட்ட மூக்கணாங்கயிறாவது நாலு பேர் கண்ணுக்குத் தெரியும்.

மூக்கம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு கதவருகே நின்றாள்.

"சக்கரை தூக்கலாவா?"