மேட்டை நிரவவிடாத யோகம் அக்கா

மருதனார்மடம் சந்தையில் நின்றபோது இழவுச் செய்தியோடு அழைப்பு வந்தது. "அண்ணை, அம்மா மோசம் போயிட்டா," என்றாள் யோகம் அக்காவின் மகள் சுகி. அதே மூச்சில், "வழக்கு முடியேல்லை," என்றாள்.

கீரிமலைப் பக்கத்து விடுதியில் எங்களோடு வேலை செய்த உங்களுக்கு அக்காவைத் தெரியும். விடுதியோடு சேர்ந்து ஆறு குழிகள் கொண்ட சின்னக் கோல்ஃப் திடல் ஒன்று இருந்தது. நான் புல்வெட்டும் இயந்திரம் ஓட்டினேன். அவர் களை பிடுங்கினார், தொலைந்த பந்துகளைப் பொறுக்கினார். அப்படிப்பட்டவருக்குக் கோல்ஃப் அடிக்கும் நுட்பம் எங்கிருந்து வந்தது? என்னை முதலில் குடைந்த கேள்வி அதுதான்.

நான்காம் குழிக்குப் போகும் வழியில் ஒரு மேடு. லண்டனிலிருந்து வந்த டொக்டர் ஒருவர் அங்கே நின்று, மூன்று பந்துகளை இடப்பக்கப் பற்றைக்குள் அடித்தார். "உந்த மேட்டை நிரவச் சொல்லவேணும்," என்று சினந்தார். அக்கா களை போடும் ஓலைக் கடகத்தை வைத்துவிட்டு எழுந்தார்.

"ஐயா, பந்து உங்கடை பாதத்தைவிட உயரத்திலை கிடக்கு. அப்பிடிக் கிடந்தா இடப்பக்கம்தான் போகும். மட்டையைக் கொஞ்சம் கீழை இறக்கிப் பிடியுங்கோ. குறியை வலப்பக்கம் தள்ளி வையுங்கோ."

"நீங்கள் விளையாடுறனீங்களோ?"

"இல்லை. உங்கடை பந்துகளைப் பொறுக்கிறனான்."

டொக்டர் சிரித்துவிட்டார். நாலாவது பந்து வளைந்து வந்து குழிக்குப் பக்கத்தில் விழுந்தது.

பிறகு விசாரித்தேன். எந்த இடத்தில் நின்று அடித்த பந்து எந்தப் பற்றையில் கிடக்கும் என்று பொறுக்கிப் பொறுக்கியே கண்டுபிடித்திருந்தார். ஆளில்லாத மத்தியானங்களில் விளக்குமாற்றுக் கட்டையால் தானே அடித்தும் பார்த்திருக்கிறார். இறக்கத்தில் நிற்கும்போது தோளும் சரிவோடு சரியவேண்டும், பந்து பின்னங்காலுக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்பதெல்லாம் அப்படிப் பிடித்ததுதான். "நிலத்தோடை மல்லுக்கட்டக்கூடாது தம்பி. நிக்கிற விதத்தை மாத்தவேணும்," என்பார்.

"உங்களுக்கேன் அக்கா உந்த வேலை? நிரவினா எனக்குப் புல்லு வெட்டச் சுகம்," என்றேன் ஒருநாள்.

என்னை முறைத்தார். "நீ நிக்கிறது என்ரை குசினிக்கு மேலை."

அவர் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அந்தக் காணியைக் கள்ள உறுதிப் பத்திரம் முடித்து விற்றிருந்தார்கள். வாங்கிய விடுதி முதலாளி வீட்டை இடித்து, மண் போட்டு, புல் பதித்தார். அக்கா வழக்குப் போட்டதும், இது எந்நாளும் வெறுங்காணி என்று சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தில் சொன்னார். வீடு இருந்ததற்குப் பெரிய சாட்சி மேட்டின் கீழ் கிடந்த அத்திவாரம்தான். நீதிமன்றம் அனுப்பும் நில அளவையாளர் வரும்வரை அது கலையக்கூடாது. அதற்காகத்தான் அக்கா அங்கே கூலிக்கு வந்தார். முதலாளி வெளிநாட்டில். கூலிப் பெண்ணின் முழுப்பெயரை மனேச்சர் கேட்கவேயில்லை.

மேட்டைக் குறைசொன்ன ஒவ்வொருவருக்கும் அதில் நின்று அடிக்கக் காட்டிக்கொடுத்தார். அடிக்கப் பிடிபட்டதும் அவர்களுக்கு மேடு பிடித்துப்போயிற்று. மேட்டை நிரவ மனேச்சர் புல்டோசருக்குச் சொன்னபோது, "உந்த மேடு இல்லாட்டி இந்தத் திடலிலை வேறை என்ன கிடக்கு?" என்று தடுத்தவர் அதே டொக்டர்தான். கீழே ஒரு குடும்பத்தின் அடுப்படி இருந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தடுத்திருப்பாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அளவையாளர் ஒருவழியாக வந்தார். அக்கா மேட்டில் ஏறி நின்று, "இதிலை கிண்டுங்கோ," என்றார். நான்தான் கிண்டினேன். மூன்றடியில் கல் வரிசை தெரிந்தது.

"நீ ஆரடி?" என்றார் மனேச்சர்.

"காணிக்காரி."

அன்றைக்கே எங்கள் இருவரையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

கள்ள உறுதி முடித்தவர் இன்றும் கோயிலில் முதல் மரியாதையாகக் காளாஞ்சி வாங்குகிறார். அக்கா வாடகை வீட்டில் செத்துப்போனார். எங்கள் ஊரின் நீதி இவ்வளவுதான். இதை மெதுவாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

வேலை போன அன்று கம்பி வேலிக்கு வெளியே நின்று, உள்ளே கைநீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார்: மாட்டுக்கொட்டில், சுகி பிறந்த அறை, தூர்த்த கிணறு. நான் கேட்டுக் கேட்டுக் கொப்பியில் வரைந்தேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் படம் ஒன்றுதான். வழக்கின் அடுத்த தவணைக்குச் சுகியோடு நானும் போகிறேன். கிணற்றை இன்னும் கிண்டவில்லை. எந்த இடமென்று எனக்குத் தெரியும்.