நான்கு மணிச் சங்குக்கு ஓடியவர்: ஒரகடத்தில் ஒரு தேர்வு ஆட்டம்

மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாய்கள்கூட லாரிக்கு அடியில் படுத்துவிட்ட நேரத்தில், ஒரகடம் போனேன். அருவியோ காட்சி மேடையோ பார்க்க அல்ல; ஒரு கால்பந்துத் தேர்வு ஆட்டம் பார்க்க. இதே பயணத்தைத் திட்டமிடும் வாசகர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாது. இரண்டு பேர் என்றாலும், அவர்களுக்காக நேரத்தையும் கட்டணத்தையும் குறித்து வைத்திருக்கிறேன்.

காரணம் ஜெனிஸ்டன். வயது இருபது, தூத்துக்குடிக்காரர், நடுக்கள ஆட்டக்காரர். போன வருடம் சென்னையின் சிறிய தொழில்முறைக் குழு ஒன்று அவரைப் பதினோரு மாத ஒப்பந்தத்தில் எடுத்தது. அவருடைய முதல் ஆட்டத்தை என்னையும் சேர்த்துச் சுமார் நாற்பது பேர் பார்த்தோம். எழுபத்தெட்டாவது நிமிடத்தில் இறங்கியவர், மீதியிருந்த நேரத்தில் மைதானத்தின் எல்லாப் பகுதிகளுக்கும் போய் வந்தார். சொந்தக் குழுவின் கோல்கீப்பரே ஒருமுறை அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். “இவர் ஆடவில்லை, சுற்றிப் பார்த்தார், எனவே பயணப் பதிவில் சேர்க்கிறேன்” என்று இந்த வலைப்பதிவில்தான் எழுதினேன். கீழே அவரே வந்து பதில் போட்டிருந்தார்: “நீங்க எழுதுனது நெசம்ணே. கோச்சும் அதத்தான் சொல்லுதாரு.” பழக்கம் அப்படி ஆரம்பித்தது.

பதினோரு மாதத்தில் அவர் ஆடியது மொத்தம் நூற்று முப்பத்தாறு நிமிடங்கள். கணக்கு அவருடையது; மனப்பாடமாகச் சொல்வார். இடத்தில் நிற்பதில்லை என்று சொல்லி, குழு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில், வண்ணம் பூசும் பிரிவான பெயின்ட் ஷாப்பில் பயிற்சித் தொழிலாளி. மிச்சமிருந்த ஒரே இடத்துக்கு ஆள் தேடிய பழைய குழு, அந்தத் தொழிற்சாலையின் மைதானத்தையே வாடகைக்கு எடுத்துத் தேர்வு ஆட்டம் வைத்தது. பழைய ஆள் என்பதால் இவரையும் கூப்பிட்டார்கள். தேர்வாகாவிட்டால் மறுநாள் காலை எட்டு மணிக்குத் தொழிற்சாலையில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வருடம் ஆடாமல் இருந்தவரைத் தேடி எந்தக் குழுவும் வராது.

தாம்பரத்தில் மதியம் 12.55 ரயில். கட்டணம் பத்து ரூபாய். சிங்கப்பெருமாள் கோவிலில் 1.32க்கு இறங்கினேன். அங்கிருந்து ஒரகடம் பன்னிரண்டு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய். ஆள் நிரம்ப இருபத்திரண்டு நிமிடம் காத்திருந்தோம். நிரம்பிய பிறகும் மூன்று பேர் ஏறினார்கள்.

“எந்தக் கம்பெனி சார்?” என்றார் டிரைவர். இந்தத் தடத்தில் பெயருக்கு முன்பாகக் கேட்கப்படும் கேள்வி இது.

“கம்பெனி இல்லை. ஃபுட்பால் மேட்ச் பார்க்கப் போறேன்.”

கண்ணாடியில் என்னை நன்றாகப் பார்த்தார். “இந்த வெயில்லயா? வூட்ல எதுனா சண்டையா சார்?”

என் மடியில் பாதி உட்கார்ந்திருந்த இளைஞர் சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

2.30க்கு இறங்கினேன். தொழிற்சாலைக்கு எதிரே டீக்கடையில் ஜெனிஸ்டன் நின்றுகொண்டிருந்தார் என்று எழுத ஆசைதான். அவர் நிற்கவில்லை, கடைக்கும் சாலைக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தார்.

“வந்துட்டீயளாண்ணே. டீ குடிக்கீயளா?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் ஒருமுறை சாலைக்குப் போய் வந்தார். வேலை எப்படி என்று விசாரித்தேன்.

“மொத வாரம் ஒரே எடத்துல நிக்கச் சொன்னாவ. முடியல. பக்கத்து ஆளு வேல பாக்குத ஸ்டேஷனுக்குப் போயிருவேன். சேகர் சார் பாத்துட்டு, ‘நீ ரிலீவரா போடா’ன்னுட்டாரு.”

சேகர் அவருடைய சூப்பர்வைசர், அந்தப் பக்கத்து ஊர்க்காரர். ரிலீவர் என்றால் என்ன என்பதையும் ஜெனிஸ்டன் நடந்தபடியே விளக்கினார். மற்றப் பிரிவுகளில் நான்கு மணிக்கு டீ சங்கு ஊதினால் லைன் நின்றுவிடும். பெயின்ட் ஷாப்பில் மட்டும் நிற்காது. நின்றால் பெயின்ட் கெட்டுவிடும். ஆகவே பாதிப் பேர் டீக்குப் போக, காலியான இடங்களுக்கெல்லாம் ரிலீவர்கள் ஓடி ஓடி வேலை பார்க்க வேண்டும். குழு எந்தக் குறைக்காக அவரை வெளியே அனுப்பியதோ, தொழிற்சாலை அதற்கு ஒரு பதவி வைத்திருந்தது.

“இன்னைக்கு நின்னுருவேண்ணே” என்றார். “கோச்சு சொன்ன எடத்த விட்டு அசைய மாட்டேன்.”

ஆட்டம் 3.10க்குத் தொடங்கியது. இடைவேளை இல்லாத அறுபது நிமிடம். பார்வையாளர்கள் ஒன்பது பேர், அவர்களில் இருவர் ஆம்புலன்ஸ்காரர்கள். ஜெனிஸ்டன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மைய வட்டத்துக்குக் கொஞ்சம் பின்னால் நின்று, வந்த பந்தை வாங்கி அருகிலிருந்தவருக்குக் கொடுத்தார். தவறு ஒன்றும் இல்லை. பார்க்கவும் ஒன்றும் இல்லை. வங்கி வாசலில் செக்யூரிட்டி நிற்பதைப் போல நின்றார். கோச் திருப்தியாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கோடு ஓரமாக நடக்க ஆரம்பித்தேன்.

சரியாக நான்கு மணிக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதியது.

ஆடிய இருபத்திரண்டு பேரில் பதினைந்து பேராவது இந்தத் தடத்துக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். சங்குச் சத்தத்தில் அவர்களுடைய கால்கள் தாமாக நின்றன. எதிரணியின் பின்கள வீரர் ஒருவர், கழற்றுவதற்காக, கையில் இல்லாத கையுறையைத் தேடினார். இதெல்லாம் இரண்டு விநாடிதான். அந்த இரண்டு விநாடியில் ஜெனிஸ்டன் ஓடினார். நின்றுவிட்டவரின் காலடியிலிருந்து பந்தை எடுத்து, காலியாகக் கிடந்த இடது பக்கமாக நாற்பது மீட்டர் போய், குறுக்கே தள்ளினார். வாழ்க்கையில் தொழிற்சாலைக்குள் நுழைந்திராத ஒரு கல்லூரி மாணவர் அதைக் கோலுக்குள் அடித்தார்.

டீ இடைவேளைக்கு வெளியே வந்த சேகர், கையில் கப்போடு வேலி ஓரம் நின்று “அப்டி ஓட்றா!” என்று கத்தினார்.

4.10க்கு ஆட்டம் முடிந்தது. கோச் ஜெனிஸ்டனைக் கூப்பிட்டார். நானும் ஷூ லேஸ் கட்டுகிற பாவனையில் பக்கத்தில் குனிந்தேன்.

“அம்பது நிமிஷம் நல்லா எழுதிக்கினு வந்தேன், இடத்துல நிக்கிறான்னு. எதுக்குப் போன?”

“அங்க ஆளு இல்ல சார்.”

“உன் இடம் காலியாச்சே?”

“அதுக்குத்தான் உடனே திரும்பி வந்துட்டேம்லா சார்.”

அது உண்மை. மற்றவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் மைய வட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். கோச் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “செவ்வாய்க்கிழமை காலைல ஆறு மணிக்கு வா” என்றார். “ஒரு மாசம் பாக்கறேன். கையெழுத்து அப்புறம்தான்.”

வேலிக்கு வந்தோம். சேகரின் கப் காலியாகியிருந்தது.

“இன்னாடா சொல்றாரு?”

“ஒரு மாசம் பாக்கேன்னு சொல்லுதாரு சார்.”

“ஒரு மாசத்துக்கா ரெண்டு வருசத்த வுடுவ? லூசாடா நீ?”

ஜெனிஸ்டன் என்னைப் பார்த்தார். நான் பொறுப்பான பெரியவரைப் போல மின்கம்பத்தைப் பார்த்தேன்.

“போறேன் சார்.”

“போனா சேஃப்டி ஷூவ குடுத்துட்டுப் போ. புதுசு அது.” உள்ளே நான்கு எட்டு வைத்த சேகர் திரும்பினார். “நாளைக்கு நாலு மணிக்கு யார்டா ஓடுவான்?”



போக விரும்புகிறவர்களுக்குச் சில தகவல்கள். மைதானத்தில் நிழல் கிடையாது, குடை அவசியம். எதிர் டீக்கடையில் மூன்று மணிக்கு மேல் சமோசா கிடைக்கும். திரும்பும் ஷேர் ஆட்டோவில் பின்பக்கம் உட்காராதீர்கள். எனக்கு முழங்கால் சரியாக இரண்டு நாள் ஆனது. போக வர ரயில், ஆட்டோ இரண்டுக்கும் சேர்த்து எண்பது ரூபாய். இந்தத் தொகைக்கு ஒருவருடைய எதிர்காலம் தீர்மானமாவதைப் பார்க்க முடியும் என்று எழுதலாம். ஆனால் அது தீர்மானமாகவில்லை. இன்று கணக்குப்படி அந்த ஒரு மாதத்தில் இன்னும் பத்து நாள் பாக்கி.

முந்தாநாள் மாலை போன் செய்தேன். புது மைதானம் எப்படி என்றேன்.

“நல்லாத்தான் இருக்குண்ணே. நாலு மணி ஆனா கால் தன்னால போவுது” என்றார். “இங்க சங்குகூட கெடையாது.”