எந்த ஷிப்ட் என்று கேட்ட மாதம்மா அக்கா

மாதம்மா அக்கா இறந்த சேதியை அவர் மகள் போனில் சொன்னபோது கெலமங்கலம் சவாரியில் இருந்தேன். காலையில்தான் அவர் கையால் இட்லி வாங்கித் தின்றேன். அதற்குள் மாரடைப்பு.

நம் ஓசூர் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்களுக்கு அவரைத் தெரியும். கம்பெனிப் பெண்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவர். புதுமுகம் வந்தால் முதல் கேள்வி, “எந்த ஷிப்ட் கண்ணு?” அதைப் பார்த்துத்தான் சோறா, டிபனா என்று கட்டுவார். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் கேட்பார். மூன்றிலும் என்னைத் திட்டியும் இருக்கிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன் நடந்ததை இன்று சொல்லிவிடுகிறேன். ஒருத்தனும் ஒரு பெண்ணும் நாலு நாள் என் ஆட்டோவில் வந்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு லாட்ஜில் இறக்குவேன். தென்மாவட்டத்திலிருந்து ஓடிவந்து கம்பெனியில் சேரும் ஜோடிகள் இங்கே நிறைய. அவள் தலை நிமிரவில்லை. எது கேட்டாலும் அவனே பதில் சொன்னான். வெட்கம் என்று நினைத்தேன். வயது பதினெட்டு இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். “உங்கப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன் கண்ணு” என்று தினமும் கிண்டல் செய்தேன். அவன் சிரிப்பான்.

நாலாம் நாள் பகல் பதினொரு மணிக்கு அக்கா கடையில் நிறுத்தினேன். அக்கா ஷிப்டைக் கேட்டார். “ஜெனரல்” என்றான் அவன். ஜெனரல் ஷிப்ட்காரர்கள் அந்நேரம் கம்பெனிக்குள் இருப்பார்கள்.

“நான் புள்ளையைக் கேட்டேன்” என்றார் அக்கா. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கை கழுவ வா என்று அக்கா அவளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளிருந்தே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசினார். “அவனை விடாதீங்கடா” என்று அக்கா குரல் கொடுக்க, நழுவப் பார்த்தவனை நம் ஸ்டாண்டுக்காரர்கள்தான் பிடித்து உட்காரவைத்தோம். ஏன் என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை.

வேலை வாங்கித் தருவதாக அவளை அழைத்துவந்து, போனைப் பிடுங்கிக்கொண்டு, லாட்ஜில் ஆண்களிடம் அனுப்பியிருக்கிறான். அவளுக்கு வயது பதினாறு. அப்பாவுக்குச் சொல்லணும் என்பதுதான் அவள் கேட்ட ஒரே உதவி. ஆட்டோ ஓட்டிய என்னிடம் அதை ஏன் கேட்கவில்லை என்று அக்கா அவளை விசாரித்தாராம்.

“அந்த அண்ணன்தான் சொல்ல மாட்டேன்னு சொல்லிருச்சே.”

எனக்கு எப்படித் தெரியும் அக்கா என்று அழுதேன். அவர் திட்டவில்லை. “நாலு நாளும் நீயே பேசினே கோவிந்தா. அவளை ஒரு வார்த்தை பேச விட்டியா?”

அதற்கு இரண்டு நாள் கழித்து அவள் அப்பா வந்து அவளை அழைத்துப்போனார். அவர் என்னைக் கும்பிட்டார். நான் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். சின்னப் பெண் யார் ஏறினாலும், எங்கே போகணும், எந்த ஷிப்ட் என்று அவளையே கேட்கிறேன். கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.