சாக்கு மெத்தையும் நாத்தனார் கண்ணும்

முட்டையக்கா என்றால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. கணவர் போன பிறகு, வீட்டுக்குப் பின்னால் வளர்த்த கோழிகள்தாம் அவளுக்குச் சோறு போட்டன, பேச்சுத்துணையும் அவைதாம். செல்லம் கொஞ்சம் அதிகம். குளிர் தாங்காதே என்று கூட்டின் பலகைச் சுவரெல்லாம் சாக்கு மெத்தை அடித்திருந்தாள். அதைத் தைத்துக் கொடுத்தவள் தையற்கடை வைத்திருக்கும் நாத்தனார்.

யார் கண் பட்டதோ, கோழிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. காய்ச்சல், பச்சைக் கழிச்சல், பிறகு கால் வராது, கதை முடிந்துவிடும்.

"உண்ணி பரப்புற காய்ச்சல் மாதிரி இருக்கு. உடம்புல உண்ணி இருக்கான்னு பாருங்கம்மா" என்றார் கால்நடை மருத்துவர்.

பட்டப்பகலில் இறகு இறகாகப் பிரித்துப் பார்த்த முட்டையக்கா, "என் பிள்ளைங்க மேல ஒரு தூசி கிடையாது டாக்டர்!" என்று மார்தட்டினாள். உண்ணி இல்லையென்றால் வேறென்ன? போன மாதம் நாத்தனார்தானே, "அடேயப்பா, எத்தனை கோழி அண்ணி!" என்று வாயைப் பிளந்தாள்? கண்ணு வச்சுட்டா என்று தெருவெல்லாம் சொல்லி, பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

கடைசியில் 'மாப்பிள்ளை' என்று அவள் கொஞ்சும் சேவலும் படுத்துவிட்டது. சேதி கேட்ட நாத்தனார் அழைக்காமலே வந்து நின்றாள். கூட்டுக்குள் நுழைந்ததும் அவள் பார்வை சேவல்மேல் போகவில்லை, தையல்மேல் போயிற்று.

"நான் தட்டையாத்தானே தைச்சேன்? ஓரம் ஏன் அண்ணி புடைச்சிருக்கு?"

கத்தரிக்கோலால் பிரித்தாள். ரத்தம் குடித்துப் பருத்த உண்ணிகள் பொலபொலவென்று கொட்டின. முட்டையக்கா உடனே மருத்துவருக்குச் சொல்லியனுப்பினாள்.

ஓடிவந்த மருத்துவர், "பகல்ல இடுக்குல பதுங்கிக்கும். இருட்டினதும் ஏறிக் குடிச்சிட்டு இறங்கிடும். கோழி மேல எப்படிம்மா கிடைக்கும்?" என்றார். மிச்சமிருந்த கோழிகளுக்கு ஊசி போட்டார். சாக்கெல்லாம் நெருப்புக்குப் போயிற்று. பலகை இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி மருந்தடித்தார்கள்.

மாப்பிள்ளை எழுந்து கூவிய காலையிலேயே முட்டையக்கா தையற்கடைக்கு ஓடினாள். கண்ணீர் முந்திக்கொண்டது.

"நீ வரலைன்னா என் கூடு காலிடி. உன்னைப் போய் கண்ணு வச்சேன்னு சொன்னேனே!"

"கண்ணு வச்சதாலதானே அண்ணி தையல் புடைச்சது தெரிஞ்சுது?"

முட்டையக்கா அழுகையோடு சிரித்துவிட்டாள். நாத்தனார் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அப்போ வாரா வாரம் வந்து, என் கோழிங்க மேல நல்லா கண்ணு வச்சுட்டுப் போ."