ஈரல் விழுந்த கூறு

பல்கலைக்கழகத்தில் நான் நடத்துவது நீதிக் கோட்பாடுகள். யார் யாரென்று பாராமல் விதி வகுப்பதே நீதி என்பது தாராளவாதிகளின் வாதம். அதை விளக்க எனக்கு எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துக் கறிப் பங்குதான் கைகொடுக்கும். இலங்கை மலையகத்து அக்கரப்பத்தனையில் தீபாவளிக்கு, வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்து வீடுகள் எல்லாம் கூட்டாக ஆடு வாங்கி, வெட்டி, கூறு போடுவோம். அப்பா முதுகைக் காட்டி நிற்பார். ஒருவர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். அப்பா ஏதாவது ஒரு வீட்டைச் சொல்வார். பார்க்காதவர் ஓரவஞ்சனை செய்ய வழியில்லை. சொந்தபந்தமே இல்லாதவன் போல ஒரு மனிதனால் யோசிக்க முடியுமா என்பது விமர்சகர்களின் கேள்வி. அதைக் கேட்டாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

போன தீபாவளிக்குப் பிள்ளைப்பேற்றுக்காக வீட்டுக்கு வந்திருந்தேன். இரத்தம் குறைவு, ஈரல் சாப்பிடு என்று டாக்டர் சொன்னது லயம் முழுக்கத் தெரியும். ஆடு சின்னது. ஈரலைப் பங்கிட்டால் பல்லிடுக்குக்கும் பத்தாது என்று முழுசாக ஒரே கூறில் வைப்பது வழக்கம். பக்கத்து வீட்டு மாமா அந்தக் கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்டுவிட்டு லேசாக இருமினார்.

அப்பா நேர்மைக்குப் பேர்போனவர். கொஞ்சம் தயங்கினார். "நம்ம வீட்டுக்கு" என்றார்.

"இப்பதாண்ணே நீங்க மனுசன்!" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். என் கொள்கை போன இடம் தெரியவில்லை. அந்த ஜனங்கள் மேல் அப்படியொரு பாசம் பொங்கியது எனக்கு.

அப்போதுதான் கடைசி வீட்டுப் பெண்ணைப் பார்த்தேன். இறம்பொடைப் பக்கமிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். கிளினிக்கில் என் பக்கத்தில் உட்காருவாள். அவளுக்கும் வயிறு, அவளுக்கும் இரத்தம் குறைவு. எதற்கென்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக இரும இங்கே ஆள் இல்லை.

அம்மாவிடம் சொல்லி ஈரலில் பாதியைக் கிண்ணத்தில் எடுத்துப் போனேன். அவள் வாங்கவில்லை.

"வேணாங்க்கா. ஒங்களுக்கு விழுந்தது. பங்குன்னா பங்குதான்."

"விழலம்மா. அப்பாவுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னாரு."

கிண்ணத்தை வாங்கி அடுப்பு மேட்டில் வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அடுத்த தீவாளிக்கும் அவருதான் திரும்பி நிப்பாராக்கா?"