ஆள் நிறையாமல் கிளம்பாத ஜீப்பு

போடியில், மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் மொக்கச்சாமியின் ஜீப்பைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் மகள் அமுதவள்ளியைத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவளை ஊருக்கு எப்படித் தெரியும்? ஆனால் கோயம்புத்தூரிலும் கோலாலம்பூரிலும் "அமுதாக்கா, அமுதாக்கா" என்று அவளைக் கொண்டாட ஒரு கூட்டம் இருந்தது. என்ன கூத்து பாருங்கள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு பைத்தியம்: பழைய பாயின்ட் அண்ட் கிளிக் விளையாட்டுகள். அதில் துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. திரையில் ஒரு தெரு, நாலு மனிதர்கள். சுட்டியால் ஒவ்வொன்றாகத் தொட்டு, பேச்சுக் கொடுத்து, கிடைத்ததைப் பையில் போட்டுக்கொண்டு, பூட்டிய கதவை எப்படித் திறப்பது என்று மண்டையைக் குடைய வேண்டும். அமுதவள்ளி பத்தாவது படிக்கும்போது பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த கம்ப்யூட்டர் சென்டரில் அப்படி ஒன்று கிடைத்தது. இங்கிலீஷ் அரைகுறைதான், ஆனாலும் அவள் விடவில்லை. எலும்பைப் பூட்டில் நுழைத்துப் பார்த்தாள், நாயைக் கிணற்றில் இறக்கிப் பார்த்தாள். முதல் கதவு திறந்த அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். பிறகு சுட்டுத் தள்ளுகிற விளையாட்டுகள் வந்து குவிந்தன. இவற்றைச் சீந்த ஆளில்லை. செய்த கம்பெனிகளும் கடையைக் கட்டின.

பல வருஷம் கழித்து அந்தச் சரக்கை ரசிகர்களே தூசி தட்டி எடுத்தார்கள். அதே பாணியில், தமிழில், புதிதாக ஒன்று செய்வோம், ஆளாளுக்கு முடிந்த காசைப் போடுவோம் என்று இணையத்தில் பேசி முடிவெடுத்தார்கள். கோயம்புத்தூரில் வேலை பார்த்த சோணை என்ற மேலூர்ப் பையன் முன்னால் நின்றான். யார் கதையைச் செய்வது என்று வந்தபோது, அமுதவள்ளி எழுதி அனுப்பிய போடிமெட்டு மலைப்பயணக் கதைக்கு எல்லாரும் கை தூக்கினார்கள். அவ்வளவுதான். சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, பெட்டியோடு ஊருக்கு வந்து இறங்கினாள். இறங்கிய பிறகுதான் வீட்டில் சொன்னாள்.

அங்கேதான் பிடித்தது வினை. மொக்கச்சாமி கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. "மலையில வண்டிய உருட்டிப் படிக்க வச்சேன். பொம்ம வெளாட்டுக்கு வேலைய விட்டுட்டு வந்துருக்கா" என்று மனைவி பெரியம்மாளிடம் சொன்னதோடு சரி. அன்றிலிருந்து அந்த வீட்டில் அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு பெரியம்மாள் வழியாகத்தான். மகள் ரெண்டடி தள்ளி நிற்பாள். "அந்தச் செம்பக் கொண்டாரச் சொல்லு அவள" என்பார். "அவருக்குப் பின்னாடிதான் இருக்குன்னு சொல்லும்மா" என்பாள். "நான் என்ன ஒங்க ரெண்டு பேருக்கும் போஸ்ட்டாபீசா?" என்று பெரியம்மாள் எகிறுவாள். ரெண்டு வருஷம் இப்படியே ஓடியது. வீம்பில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

முதல் காட்சி தயாரானதும் இணையத்தில் வசூல் தொடங்கினார்கள். அதற்கு ஒரு கெடு உண்டு. குறித்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இலக்கை எட்டாவிட்டால் போட்டதெல்லாம் போட்டவர்களுக்கே திரும்பிப் போய்விடும்; விளையாட்டும் அத்தோடு காலி. கடைசி வாரத்தில் ஆர்வம் கூடட்டும் என்று முதல் காட்சியை மட்டும் எல்லாரும் ஆடிப் பார்க்க விட்டார்கள். போடி ஜீப்பு ஸ்டாண்டு, விடியற்காலை. கதாநாயகன் ஓர் இளைஞன்; மலைக்குப் போக வேண்டியவன். ஜீப்பில் டிரைவர், தலையில் சிவப்புத் துண்டு, காதில் பீடி, அச்சு அசல் மொக்கச்சாமி. ஜீப்பைக் கிளப்பிவிட்டால் காட்சி முடிந்தது.

ஜீப்பு கிளம்பவே இல்லை. ஆடியவர்கள் சாவியைத் தொட்டார்கள், சக்கரத்தைத் தொட்டார்கள், டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஒருவர் இடிந்த சுவரிலிருந்து செங்கலைப் பெயர்த்து வந்து பானட்டில் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. "முதல் காட்சியே பழுது" என்று எழுதினார்கள். போட்ட காசை ஒவ்வொருவராகத் திரும்ப எடுக்கத் தொடங்கினார்கள்.

அமுதவள்ளிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அடப்பாவிகளா, ஆள் நிறையாமல் ஜீப்பு எப்படிக் கிளம்பும்? டீக்கடையில் நிற்கிறவளையும் பஸ்சை விட்டு இறங்குகிறவரையும் கூப்பிட்டு ஏற்ற வேண்டாமா? இதையும் ஒருத்தர் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று போடியில் பிறந்தவளுக்குத் தோன்றவே இல்லை.

சோணை போன் பண்ணினான். "எனக்கே புரியலக்கா. டீக்கடைக்காரம்மா பேசுறாங்க, பூக்காரம்மா பேசுறாங்க. டிரைவரு மட்டும் ஏன் வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு? 'ஆள் வரணும்'னு ஒரு வார்த்த சொன்னா நான் ஏத்தியிருப்பேன்ல?"

 டிரைவருக்கு வசனம் எழுத உட்கார்ந்த போதெல்லாம் அவளுக்குக் கை வரவில்லை. தன்னிடம் ஒரு சொல் பேசாத மனுஷன் வாயில் எந்தச் சொல்லை வைப்பாள்? அப்படியே விட்டுவிட்டாள்.

"வேற யாரையாச்சும் பேச வச்சிரலாம்க்கா."

"அந்த மொகத்துக்கு வேற கொரலு ஒட்டாதுடா" என்று போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகு அழுதாள்.

மறுநாள் விடியும்போதே ஸ்டாண்டுக்குப் போனாள். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மொக்கச்சாமி பானட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்த வெளாட்டுக்கு ஒங்க கொரலு வேணும். தெனம் ஆள் கூப்புடுவீங்கள்ல, அது மாதிரி. இல்லன்னா எல்லாம் போயிரும்."

அவர் நிமிரவில்லை. ஜீப்பிலிருந்த முத்துப்பேச்சியிடம், "என்ன வேணுமாம்னு கேளு" என்றார்.

"நல்லாருக்கே! மூக்குக்கு முன்னாடி நிக்கிறா, நீயே கேளுண்ணே. அங்க காய் எடுக்கிற சோலி கெடக்கு, வெரசா வண்டிய எடு" என்று அவள் ஒரே போடாகப் போட்டாள். ஜீப்பே சிரித்தது.

மொக்கச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். மகளைப் பார்க்காமல், அவள் நீட்டிய போனைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "மெட்டு, மெட்டு, போடிமெட்டு! பூப்பாறை வர்றவுக வாங்க! ஆள் வரணும், ஆள் நெறஞ்சாத்தான் வண்டி!" அந்தக் குரலுக்குப் பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது. நிறுத்தினார். ஒரு மூச்சு விட்டார். பிறகு குரல் இறங்கி, "ஒரு ஆளுதான் கொறையுது. எம்புட்டு நேரந்தான் வெளியவே நிப்ப? ஏறு ஆத்தா" என்றார்.

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ஏறி, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போனுக்குச் சொன்னாரா, தனக்குச் சொன்னாரா என்று அமுதவள்ளிக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வீட்டில் பழைய கதைதான். "சோத்தப் போடச் சொல்லு அவள" என்றார்.

பதிவைக் கேட்டுச் சோணை குதித்தான். "பிரமாதம்க்கா! கடைசி வரிய மட்டும் வெட்டிருங்க. நம்ம ஆளு ஆம்பள, அவனப் போயி ஆத்தாங்கிறாரு."

"வெட்ட மாட்டேன்."

"அப்ப என்னக்கா பண்றது?"

"அவன மாத்துறேன். பொண்ணா வரையிறேன்."

"அத்தன படத்தையுமா? ஞாயித்துக்கெழமைக்குள்ள முடியாதுக்கா! மொத்தமும் போயிரும்!"

"போனாப் போகட்டும்டா. அந்த வரி போகாது."

நடை, நிற்பு, குனிவு, திரும்பல் என்று அவன் இருந்த இடத்திலெல்லாம் ஒரு பெண்ணை வரைந்தாள். தோள்பட்டை கடுத்தது, கண் எரிந்தது. பெரியம்மாள் தட்டை மேசையில் வைத்துத் திட்டிவிட்டுப் போவாள். சோறு காய்ந்து கிடக்கும். ஞாயிறு காலைதான் இணையத்தில் ஏற்றி முடித்தாள். ஏற்றிவிட்டு விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

 ஆடிப் பார்க்க மளமளவென்று வந்தார்கள். ஈப்போவிலிருந்து ஒருவர், "பாட்டியம்மாவை ஏத்தினேன், பூக்காரம்மாவை ஏத்தினேன். கடைசியில் அவர் என்னைக் கூப்பிட்டார் பாருங்க, கண் கலங்கிப்போச்சு" என்று எழுதினார். காசைத் திரும்ப எடுத்தவர்கள் மறுபடி போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் இலக்கு நிறைந்துவிட்டது. சோணை போனில் அழுகிறானா சிரிக்கிறானா என்றே தெரியவில்லை.

மொக்கச்சாமி கடைசி நடை முடித்து வந்து, முற்றத்தில் கால் கழுவிக்கொண்டே அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இந்தா, அந்த வெளாட்டு என்னாச்சுன்னு அவகிட்ட…"

பெரியம்மாள் காதில் வாங்காதவள்போல் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். மொக்கச்சாமி காலிச் செம்பைக் கீழே வைத்தார். பிறகு வாசற்படியில் நின்ற மகள் பக்கம் திரும்பினார்.

"வண்டி கெளம்பிருச்சா ஆத்தா?"

"கெளம்பிருச்சுப்பா."